வடக்குச் சுவருக்கு ஒரு பிரபு குடும்பம்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் தொடங்கி, பொதுமக்களின் ஒத்துழைப்பு இல்லாததால் பாதியில் நின்றுபோன ஒரு மகத்தான கலை இயக்கம், ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, சித்தூர் வேலூர் ரோட்டில், மாம்பழக்கூழ்த் தொழிலதிபர் சந்திரன் அவர்களின் வீட்டு மாடி ஹாலில், வடக்குச் சுவரில் வெற்றிகரமாக நிறைவேறியது. அந்த இயக்கத்தின் பெயர் ரொக்கோக்கோ. ஒத்துழைப்பு இல்லை என்றது, அங்கே படத்தில் இருந்த பிரபுக்களின் தலைகளைப் பொதுமக்கள் பிற்பாடு வெட்டிவிட்டதை. சித்தூர்ப் பொதுமக்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.

கலைக்காகத் தாம் எதையும் செய்யக்கூடியவர் என்பது சந்திரனுக்கே அதுவரை தெரியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதம் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து அரபு தேசங்களுக்கு அனுப்புவதும், மீதிப் பத்து மாதம் அதைப்பற்றிப் பேசுவதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. மகள் சந்தியாவின் கல்யாணப் பேச்சோடுதான் ஓவியம் வீட்டுக்குள் நுழைந்தது.

மாப்பிள்ளை சுரேஷ்பாபு திருப்பதி. அப்பா கங்கையாவுக்கு அங்கே மூன்று லாட்ஜுகள். தரகர் அழைத்துப்போக, சந்திரன் குடும்பம் அந்த வீட்டைப் பார்க்கப் போனது. ஹாலில் கங்கையாவின் தாத்தா ஆறடி உயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மீசையில், ஒரு கை தடித்த புத்தகத்தின்மேல். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைக் கங்கையாவே பெருமையாகச் சொன்னார். அப்படிச் சொல்லும் தைரியம் ஆறடிப் படம் இருந்தால்தான் வரும். பிறகு, ‘மீ நைனாகாரு படம் எந்தச் சுவர்ல இருக்குது?’ என்று விசாரித்தார். சட்டம் மாற்றக் கொடுத்திருக்கிறோம் என்று சந்திரன் பதில் சொன்னார்.

சந்திரனின் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சட்டமும் இல்லை, படமும் இல்லை. அவர் முகத்துக்கு நேராக யாரும் காமிராவைப் பிடித்தது கிடையாது. பிடித்திருந்தாலும் விழுந்திருக்க மாட்டார்; சாந்திபுரத்துப் பக்கம் பெரிய வீட்டு ஆடுகளின் பின்னால் அவர் நடந்துகொண்டே இருந்தார். இந்த விவரம் சித்தூரில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதைச் சந்திரன் முப்பது வருஷமாக இரண்டாவது தொழிலாகவே நடத்தி வந்தார்.

வடக்குச் சுவர் காலியாக இருப்பது குடும்பத்துக்கு அபாயம் என்று முடிவாகி, திருப்பதியிலிருந்து ரேஷ்மா என்கிற உள் அலங்கார நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர் டேப்லெட்டில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். ரோஜா நிறக் கன்னங்கள், பஞ்சு மேகங்கள், பட்டுப் பாவாடைகள், கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய ஆடுகள். ஆடுகளைக் கண்டதும் சந்திரன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

“டாப் கிளாஸ் சார் இது. அந்தக் காலத்துப் பெரிய பெரிய பிரபுக்கள்லாம் ஆட்டுக்காரங்க மாதிரி வேஷம் போட்டுக்கினு குடும்பத்தோட படம் எழுதிக்குவாங்க.”

எதற்காக என்று சந்திரன் கேட்டார். பட்டும் வைரமும் பார்த்துப் பார்த்து அவர்களுக்குச் சலித்துவிடும் என்றும், ஏழைகளின் எளிய வாழ்க்கை தூரத்திலிருந்து பார்க்க மிக அழகாக இருக்கும் என்றும், ஒரு ராணி அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே பொய்க் கிராமம் ஒன்று கட்டி அதில் விளையாடினார் என்றும் ரேஷ்மா விளக்கினார். சந்திரன் நெடுநேரம் யோசித்தார். பிறகு, கலை வரலாற்றில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“நெஜமாவே ஆடு மேய்ச்சவங்க யாராச்சும் அந்தப் படத்துல இருப்பாங்களா?”

“சேச்சே. அவங்கள யாரு சார் எழுதுவாங்க?”

“அப்ப சரி” என்றார் சந்திரன்.

பதின்மூன்று வயது வரை அவர் சும்மா செய்த வேலையை இப்போது பணம் கொடுத்துச் செய்ய ஒப்புக்கொண்டார். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு ‘குடும்ப ஓவிய ஆலோசனைக் கூட்டம்’ சாப்பாட்டு மேஜையில் கூடியது. தலைமை சந்திரன். ரேஷ்மா முன்னிலை வகித்தார். ஆண்கள் முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும் வெள்ளைக் காலுறையும் அணிவது என்ற தீர்மானத்தை மகன் பவன்குமார் வன்மையாகக் கண்டித்தான். தன் நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வரக் கூடாது என்ற திருத்தத்தோடு அது நிறைவேறியது. பெண்கள் வெண்ணிறப் பொய்முடி அணிவது என்ற தீர்மானத்தில் சந்திரனின் மனைவி தேவசேனா குறுக்கிட்டார்.

“மாசா மாசம் டை அடிச்சிக்கினு கிடக்கறேன். காசு குடுத்து நரைமுடி வாங்கித் தலையில கவுத்துக்கணுமா?”

பிரான்சில் இளம்பெண்களே அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள் என்று ரேஷ்மா சொன்னதும் தேவசேனா எதிர்ப்பை வாபஸ் வாங்கினார். இளம்பெண்கள் என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆடுகள் விஷயத்தில்தான் கூட்டம் திணறியது. ரேஷ்மாவுக்குச் சுருள் சுருளாக ரோமம் தொங்கும் செம்மறி வேண்டும். நம் பக்கத்துச் செம்மறிக்கு ரோமமே கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றி அதற்கு எந்த அக்கறையும் இருந்ததில்லை. பஞ்சு ஒட்டலாம் என்று பவன்குமார் சொன்னான். கடைசியில் வெள்ளை வெள்ளாடு போதும் என்று தீர்ந்தது. அடக்கமான, குணமான, எட்டு வெள்ளை வெள்ளாடுகள். அவை எங்கே கிடைக்கும் என்பது அந்த மேஜையில் நான்கு பேருக்குத் தெரியும். நால்வரும் தட்டைப் பார்த்தார்கள்.

சாந்திபுரத்துப் பக்கம் சந்திரனுக்கு ஓர் அண்ணன் இருந்தார். பெயர் முனிசாமி. ஏழு வயது மூத்தவர். நைனா கண்ணை மூடியபோது வீட்டில் இரண்டு பையன்கள், ஒரே மந்தை. ஒருவன் பள்ளிக்கூடம் போனால் மற்றவன் இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும். முனிசாமி தம்பியைப் போகச் சொல்லிவிட்டு எட்டு வருஷம் இரண்டு பேர் நடையையும் ஒருவராகவே நடந்தார். சந்திரன் அந்த நன்றியை ஒருநாளும் மறந்ததில்லை. ஞாபகம் வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்.

சந்திரன் போன் செய்து சொன்னது இரண்டே வாக்கியம். குடும்பப் படம் எழுதுகிறார்கள். எட்டு வெள்ளாடு வேண்டும், வெள்ளையாக. முனிசாமி முதல் வாக்கியத்தைக் கேட்டுக் கிளம்பினார். இரண்டாவது வாக்கியத்தையும் மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கேட்டில் வந்து இறங்கியவர் முகச்சவரம் செய்திருந்தார். புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு மார்பில் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தது. தலையில் எண்ணெய் வழிந்தது. தம்பியைப் பார்த்ததும், “எங்கடா நிக்கணும்?” என்றார்.

சந்திரன் வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசிப் பழகியவர். ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் பதில் சொல்ல அவருக்கு வரும்.

“ஆட்டுங்க பக்கத்துல நில்லுண்ணா” என்றார்.

படம் எழுத வந்தவர் நகரிக்காரர் தேவேந்திரன். அதற்கு முன் தேர்தல் காலங்களில் நாற்பதடிக் கட்அவுட்டுகள் எழுதியவர். கறுத்த தலைவர்களைச் சிவப்பாக்குவது, எழுபது வயதை நாற்பதாக்குவது, கடுகடுத்த முகத்தில் கருணையைக் கொண்டுவருவது ஆகியவை அவருக்குக் கைவந்த கலை. ரொக்கோக்கோ என்றால் என்னவென்று ரேஷ்மா அரைமணி நேரம் விளக்கினார். முழுவதும் கேட்டுவிட்டு, இதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்துவருகிறேன் என்று தேவேந்திரன் சொன்னார்.

ஆடுகளை நாள்கணக்கில் ஹாலுக்குள் விட முடியாது என்பதால் கார் ஷெட்டே அரண்மனைத் தோட்டமானது. சந்திரன் வான நீலப் பட்டுக் கோட்டில், கையில் ரிப்பன் சுற்றிய கோலோடு நின்றார். தேவசேனாவின் பாவாடை மூங்கில் வளையம் வைத்துத் தைத்தது. அவரைப் பக்கவாட்டில் திருப்பி ஷெட்டுக்குள் செலுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சித்தூர் வெயிலில் பவுடர் பாலாக வழிந்தது. இதற்கிடையில் ஓர் ஆடு பவன்குமாரின் சட்டைக்கை லேஸைத் தின்று முடித்துவிட்டு, சந்தியாவின் தொப்பிப் பூவைப் பார்த்தது. இரண்டு மணி நேரத்தில் பிரபு குடும்பம் ஏ.சி. அறைக்குத் திரும்பியது. மீதியைப் பார்த்து எழுதச் சொல்லி ஆளுக்கொரு செல்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார்கள்.

ஆடுகள் செல்பி அனுப்பவில்லை. ஆகவே முனிசாமி அவற்றைப் பிடித்துக்கொண்டு பதினாறு நாள் நின்றார். ஒவ்வொரு நாளும் அதே சட்டை. மாலையில் துவைத்து, காலையில் போட்டுக்கொள்வார். சாப்பாடு ஷெட்டுக்கே வந்தது. ஊருக்குப் போன் செய்து, தம்பி வீட்டில் தன்னைப் படம் எழுதுகிறார்கள், இன்றைக்குக் கை எழுதினார்கள், இன்றைக்குக் காது எழுதினார்கள் என்று தினமும் சொன்னார். அந்தப் பதினாறு நாளும் அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

படம் முடிந்து திரை விலகியதும் சந்திரனுக்குத் திக்கென்றது. பன்னிரண்டடி அகலத்தில் நான்கு பேர் ரோஜா நிறத்தில் பொம்மைகளாகச் சிரித்தார்கள். வலது ஓரத்தில், ஆட்டின் காதை இரண்டு விரலால் பிடித்தபடி, கறுப்பாக, நரம்பு தெரியும் கையோடு, முனிசாமி உயிரோடு நின்றார். முதலில் கண் போய் விழுவதே அங்கேதான். மூக்கு வேறு சந்திரனின் மூக்காகவே இருந்தது.

அவரை எடுத்துவிட்டு ஒரு மரம் வைக்கலாமே என்று சந்திரன் கேட்டார். தேவேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவர எடுத்துட்டா ஆட்டுங்க நிக்காது சார்.”

தொழில்நுட்பக் காரணம் என்பதால் மறுக்க முடியவில்லை. வேலைக்காரர்களும் இந்த மாதிரிப் படங்களில் ஓரமாக வருவது உண்டு, அது அந்தஸ்தைக் கூட்டும் என்று ரேஷ்மா ஆறுதல் சொன்னார். அந்த விதியின் கீழ் முனிசாமி தம் சொந்தக் குடும்பப் படத்தில் தங்க அனுமதிக்கப்பட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று திருப்பதியிலிருந்து நான்கு கார்கள் வந்தன. வாசலில் நீல ரிப்பன் கட்டிய எட்டு ஆடுகள் நின்று வரவேற்க வேண்டும் என்பது ரேஷ்மாவின் ‘தீம்’. ஆகவே முனிசாமியும் இருந்தார். விருந்தினர் மாடி ஏறியதும் நான்கு ஆடுகளை ஹாலிலும் நிறுத்தச் சொன்னதால், படத்துக்குக் கீழே, படத்தில் நின்ற மாதிரியே, ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

கங்கையா படத்தின் முன்னால் கைகட்டி நின்றார். தாத்தாவின் ஆறடி அவர் மனசுக்குள் மெல்லச் சுருங்குவதைச் சந்திரன் கண்ணாரக் கண்டார். முப்பது வருஷ உழைப்பின் பலன் அந்த ஒரு நிமிஷம். பிறகு கங்கையா வலது ஓரத்துக்கு நகர்ந்தார். படத்தைப் பார்த்தார், கீழே நின்றவரைப் பார்த்தார், சந்திரனைப் பார்த்தார். ஆட்டுக்காரனின் மூக்கு சம்பந்திகாருவின் மூக்கு மாதிரியே இருக்கிறதே என்று சிரித்தார்.

“மாடல்ங்க. ஆட்டோட வந்த ஆளு” என்றார் சந்திரன். முனிசாமி அங்கிருந்து நான்கு முழத் தூரத்தில் இருந்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில், பெண் வீட்டில் மூத்தவர் யார், பெரியப்பா இருந்தால் அவர்தானே தட்டை வாங்க வேண்டும் என்று கங்கையாவின் மனைவி வரலட்சுமி கேட்டார். நான்தான் மூத்தவன் என்று சந்திரன் சொல்ல வாயெடுப்பதற்குள், தரகர் காபியிலிருந்து தலையைத் தூக்கி, அண்ணன் ஒருத்தர் உண்டு என்று முதலில் சொன்னீர்களே என்றார். தரகர்களுக்குத் தேவையில்லாத இடத்தில்தான் ஞாபகசக்தி வேலை செய்யும்.

ஹால் முழுவதும் சந்திரனைப் பார்த்தது. தேவசேனா புடவைத் தலைப்பைச் சரி செய்தார். பவன்குமார் செல்போனைக் கையில் எடுத்தான். சந்தியா பெரியப்பாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு மருதாணி சரியாகச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

“இருந்தாருங்க” என்றார் சந்திரன். “தவறிட்டாரு.”

வரலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பயபக்தி உள்ளவர். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: தவறிப்போன மூத்தவருக்கு இலை போட்டு, புது வேட்டி வைத்துக் கும்பிடாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். கும்பிட்ட வேட்டியை அவர் வயதொத்த ஏழை அந்நியர் ஒருவருக்குக் கொடுத்து, அவர் கையால் பெண்ணுக்கு அட்சதை போடச் சொல்வார்கள். போனவரே வந்து ஆசீர்வாதம் செய்ததாகக் கணக்கு. வேட்டி அவர்கள் பையிலேயே இருந்தது. இலை சமையலறையிலிருந்து வந்தது. படத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டார்கள்.

எப்படித் தவறினார் என்று வரலட்சுமி குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஹார்ட் அட்டாக் என்றார் சந்திரன். ஆட்டுக்காரர் இப்போது ஒரு வார்த்தை பேசினால் திருப்பதியும் மூன்று லாட்ஜும் மகள் கல்யாணமும் போய்விடும். ஆட்டுக்காரர் பேசினார்.

“ஆமாம்மா. திடீர்னுதான் ஆச்சி. அவருக்கே தெரியாது.”

உனக்கு அவரைத் தெரியுமா என்று வரலட்சுமி ஆச்சரியப்பட்டார். கூடவே இருந்தவன் என்றார் முனிசாமி. குரலில் எந்த மாற்றமும் இல்லை. சந்திரனுக்கு மூச்சு வந்தது. அண்ணன் எப்போதும் விட்டுக்கொடுக்கிறவர் என்பதை அன்புடன் நினைத்துக்கொண்டார்.

அடுத்து, போனவருக்கு எது ரொம்பப் பிடிக்கும், அதை இலையில் வைக்க வேண்டுமே என்ற கேள்வி வந்தது. சந்திரன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். தேவசேனாவைப் பார்த்தார். தேவசேனாவும் விசிறியைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“கேவுரு களிம்மா. வேர்க்கடலத் தொவையலும்” என்றார் முனிசாமி.

களிக்கு அந்த வீட்டில் எங்கே போவது. தேவசேனா டயட்டுக்காக வாங்கி வைத்திருந்த கேழ்வரகு பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து நான்கை இலையில் வைத்தார். பிரபு குடும்பம் வரிசையாக நின்றது. தம்பி என்கிற முறையில் சந்திரன் முதலில் விழ வேண்டும். விழுந்தார். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் அண்ணன் காலில் விழ அவருக்கு நேரம் கிடைத்ததில்லை; இலையின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கங்கையா தொட்டு எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் வந்திருந்தது. என்ன பாசம் என்று திருப்பதிப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வேட்டியை யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. வயது சரியாக இருந்தது, வறுமையும் சரியாக இருந்தது, போனவரோடு பழக்கமும் இருந்தது. வரலட்சுமி இரண்டு கையாலும் நீட்ட, முனிசாமி ஆட்டின் காதை விட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தியா குனிந்தாள். அட்சதையைப் போட்டு, “நல்லா இரும்மா” என்றார். கை கொஞ்ச நேரம் அவள் தலையிலேயே இருந்தது. அவள் நிமிரவில்லை. பிறகு மேளம் கொட்டியது, தட்டு மாறியது, கலை வென்றது.

எல்லோரையும் படத்தின் கீழே நிறுத்திக் குடும்பப் போட்டோ எடுக்கப் போட்டோகிராபர் கூப்பிட்டார். முனிசாமி ஆடுகளின் ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்வீட் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு கேட் வரை பின்னால் போனார். வேனில் எட்டு ஆடுகளும் ஏறியிருந்தன. அண்ணா, நிலைமை அப்படி ஆகிவிட்டது, நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்று தொடங்கினார்.

முனிசாமி பாக்ஸை வாங்கவில்லை. வேட்டியை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். காரோட்டிகளோடு பேசியபடி கங்கையாவின் தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்குச் செய்ய வேண்டியத உயிரோட இருக்கசொல்லவே செஞ்சி முடிச்சிட்ட” என்றார் முனிசாமி. “நாளைக்கி நெசமா போனா நீ வர வேணாம்டா.”

வேன் கிளம்பி வேலூர் ரோட்டில் திரும்பியது. சந்திரன் அவர்கள் நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டு, ஸ்வீட் பாக்ஸோடு போட்டோவுக்கு மாடி ஏறினார். குடும்ப கௌரவத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அண்ணன் அதை மெதுவாகத்தான் சொல்லியிருந்தார்; பக்கத்தில் நின்றவர் காதில்கூட விழவில்லை.